குழாய் வாஷரும் நிரல்வரியும்: இந்தியாவில் கையால் செய்த வானொலி

1939இல் உலகப் போர் மூண்டதும், இந்தியாவிலிருந்த அமெச்சூர் வானொலியாளர்கள் தம் அலைபரப்புக் கருவிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்குமாறு பணிக்கப்பட்டனர். போருக்குப் பின் அவர்கள் மீண்டும் காற்றலைக்கு வந்ததில், படைத்துறை கழித்துவிட்ட பழைய கருவிகளுக்குப் பெரும் பங்குண்டு. அயல்நாட்டுப் புதுக் கருவி நெடுங்காலம் எட்டாக்கனி. 1980களின் நடுவில் இறக்குமதித் தீர்வை விலக்கப்பட்ட பின்னும் அதன் விலை மாணவருக்கோ மாதச் சம்பளக்காரருக்கோ கட்டுப்படியாகவில்லை. ஆகவே இங்கே கருவியைத் தானே கட்டுவது பலருக்கு ஒரு கூடுதல் விருப்பமாக இருக்கவில்லை. உள்ளே நுழைய இருந்த ஒரே வாசல் அதுதான்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003இல் வடிவமைத்த 'பிட்எக்ஸ் 20' இந்த வறுமையின் இலக்கணத்தை அறிந்து எழுதப்பட்ட மின்சுற்று. 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறத்தாழ 6 வாட் திறனில் பேசவும் கேட்கவும் உதவும் கருவி அது. சுருள் சுற்றத் தக்க வளையம் கடையில் கிடைக்காதா? தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் வாஷர் போதும். மின்மாற்றிக்குத் தொலைக்காட்சி ஆன்டெனாவின் பலூன் உள்ளகம். ஒரே பெருக்கி கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது மறு திசையிலும் இயங்கியதால், உறுப்புகளின் எண்ணிக்கையும் சுருங்கியது. பின்னாளில் 'பிட்எக்ஸ் 40' ஆயத்தப் பலகையாக விற்பனைக்கு வந்தபோது அதன் சுருள்களைச் சுற்றியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். தொழில்நுட்ப வரலாறுகள் இத்தகைய கைகளை எளிதில் மறந்துவிடுகின்றன.

பிட்எக்ஸ் பிறப்பதற்கு ஓராண்டு முன், அமெரிக்காவில் வேறொரு பாதை திறந்திருந்தது. 2002இல் 'கியூஇஎக்ஸ்' இதழில் ஜெரால்டு யங்பிளட் எழுதிய கட்டுரைத் தொடர், வீட்டுக் கணினியின் ஒலி அட்டையையே வானொலியின் உறுப்பாக்கிக் காட்டியது. அலையைச் செவிப்புல அதிர்வெண்ணுக்கு இறக்கி எண்களாக்கிவிட்டால், வடிகட்டுதலும் பேச்சைப் பிரித்தெடுத்தலும் கணக்காகிவிடும். மென்பொருள்வழி வானொலியின் சாரம் இவ்வளவே.

இவ்விரு பாதைகளும் சுமார் இருபதாண்டு கழித்து ஃபர்ஹானின் 'எஸ்-பிட்எக்ஸ்' கருவியில் சந்தித்தன. இதைப் பழைய மின்சுற்றின் மறைவாகவும் மென்பொருளின் வெற்றியாகவும் சித்திரிப்பது வழக்கம். கருவியின் அமைப்பு அதற்கு உடன்படவில்லை. அக்காலத்து உயர்தர மென்பொருள் வானொலிகள் ஆன்டெனா அலையை நேரடியாக, வினாடிக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகளாக எண்ணாக்கின. அதற்கு வேண்டிய சில்லுகள் விலை மிக்கவை. வீட்டு மேசையில் வைத்துப் பற்றவைப்பதும் கடினம். எஸ்-பிட்எக்ஸ் அவ்வழியை ஏற்கவில்லை. வரும் அலையை முதலில் 40 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, பழைய முறைப்படி படிக வடிப்பானில் சலித்து, ஒரு குறுகிய துண்டை மட்டும் 24 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்குகிறது. வினாடிக்கு 96,000 மாதிரிகள் எடுக்கும் மலிவான ஒலிச் சில்லு அத்துண்டை எண்ணாக்க, எஞ்சியதை ராஸ்பெரி பை சிறுகணினி கவனிக்கிறது. பேசும்போது இதே வழி தலைகீழாகிறது. படிக வடிப்பானைத் தக்கவைத்ததைப் பழமைப் பற்று என்று கொள்ள முடியாது. குழாய் வாஷரைத் தேர்ந்த அதே சிக்கனக் கணக்கு அது.

மாறியது வேறொன்று. பிட்எக்ஸைக் கட்டியவர் ஒவ்வோர் உறுப்புக்கும் மாற்றுத் தேட முடிந்தது. 2021 முதல் 2023 வரை நீடித்த சில்லுப் பஞ்சத்தில் ராஸ்பெரி பை உலகெங்கும் அரிதானபோது, அதன் மையச் செயலிக்கு எந்தத் தெருக்கடையிலும் மாற்றுக் கிடைக்கவில்லை. இருபதாண்டுகளாக உள்ளூர்ச் சந்தையைச் சார்ந்து நின்ற கைவினை, முதன்முறையாக ஒரு தொலைதூர ஆலையின் கால அட்டவணைக்குக் காத்திருந்தது. ஆனால் கருவியின் நடத்தையைத் தீர்மானிக்கும் நிரல் சி மொழியில் எழுதப்பட்டு, எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. கருவியை வாங்கியவர்கள் அந்நிரலைத் தம் விருப்பப்படி மாற்றி, மாற்றியதை மற்றவர்களுக்கும் அளித்தனர். வாஷரில் கம்பி சுற்றிய கைகளின் வேலை இப்போது பெரிதும் அந்நிரலின் வரிகளில் நடக்கிறது.