கிளமிடியா ஆய்வு வரலாறு

கிளமிடியா என்பது பிற உயிரினங்களின் உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகும் பாக்டீரியா வகை. மனிதர்களில் டிரக்கோமா என்னும் கண்நோய், பால்வினை நோய், நிமோனியா ஆகியவற்றை இவ்வகை நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன. ஆடு மாடுகளில் கருச்சிதைவுக்கும், கிளிகள் வழியே பரவும் கிளிக்காய்ச்சலுக்கும் இவையே காரணம். பிற பாக்டீரியாக்களைப் போல ஆய்வகத் தட்டில் வளராததால் இவை எவ்வகை உயிர் என்று முடிவுசெய்ய ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆயின.

ஜாவாவில் தொடக்கம்

1907இல் ஆல்பர்ட் நைசர் தலைமையில் மேகநோய் பற்றி ஆராய ஒரு ஜெர்மானியக் குழு ஜாவா சென்றிருந்தது. அதில் இருந்த லுட்விக் ஹால்பர்ஸ்டெட்டர், ஸ்டானிஸ்லாஸ் வான் புரோவாசெக் இருவரும் டிரக்கோமா நோயாளிகளின் இமை உட்புறத்தைச் சுரண்டி எடுத்து, அதை ஒராங்குட்டான் குரங்குகளின் கண்களில் செலுத்தினர். ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிரணுக்களுக்குள் உட்கருவை ஒட்டி நுண்துகள்கள் அடர்ந்த பொதிகள் தெரிந்தன. துகள்கள் ஏதோ ஒரு போர்வைக்குள் கிடப்பதுபோல் தோன்றியதால், மேலங்கியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'கிளமிஸ்' என்பதிலிருந்து 'கிளமிடோசோவா' என்று பெயரிட்டனர். 'சோவா' என்றால் விலங்குகள். அந்தப் பாதி பிழை. முதற்பாதி இன்றும் நிலைத்திருக்கிறது.

கிளிக்காய்ச்சல்

சுவிட்சர்லாந்தில் 1879இல் ஒரே வீட்டில் எழுவருக்கு வந்த விநோதமான நிமோனியாவை யாக்கோப் ரிட்டர் என்ற மருத்துவர் பதிவு செய்தார். அவர்களில் மூவர் இறந்தனர். அவ்வீட்டில் வளர்த்த கூண்டுப் பறவைகளின் மேல் ரிட்டரின் சந்தேகம் விழுந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1929-30இல், தென் அமெரிக்கக் கிளிகளோடு அதே நோய் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பரவியது. அமெரிக்க அதிபர் ஹூவர் 1930 ஜனவரியில் கிளி இறக்குமதிக்குத் தடை விதித்தார். வாஷிங்டனில் இந்நோயை ஆராய்ந்த அரசு ஆய்வகத்தில் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் நோயுற்று மீண்டார். அவருடைய உதவியாளர் ஆண்டர்சன் இறந்தார்.

நோய்க்கிருமி பாக்டீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியைக் கடந்து சென்றது. உயிருள்ள திசுவில் மட்டுமே வளர்ந்தது. அன்றைய அளவுகோலின்படி இவ்விரண்டும் வைரஸின் அடையாளங்கள். ஆகவே அது வைரஸ் என்றே கொள்ளப்பட்டது. லண்டனில் சாமுவேல் பெட்சனும் பிளாண்டும் 1932இல் அதன் வாழ்க்கைச் சுழற்சியை விவரித்தனர். சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள சிறு துகள் உயிரணுவுக்குள் நுழைகிறது. அங்கே பெரிய வடிவம் கொண்டு இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுகிறது. மீண்டும் சிறு துகள்களாகச் சுருங்கி வெளியேறுகிறது. பிளந்து பெருகுவது வைரஸின் இயல்பன்று. ஆயினும் 'பெரிய வைரஸ்' என்ற பெயரோடு விஷயம் அப்படியே விடப்பட்டது.

தாங் ஃபெய்ஃபான்

இந்தப் பெயர்ப்பிழை வெறும் ஏட்டுப் பிழையாக நிற்கவில்லை. டிரக்கோமா கிருமியைக் கோழி முட்டைக் கருவில் வளர்க்க முயன்றவர்கள், உடன் வரும் பாக்டீரியாக்களை அழிக்கப் பெனிசிலின் சேர்ப்பது வழக்கம். வைரஸைப் பெனிசிலின் ஒன்றும் செய்யாது என்பது கணக்கு. தேடிய கிருமியே பாக்டீரியா என்பதால் அதன் வளர்ச்சியையும் அம்மருந்து தடுத்தது.

பெய்ஜிங்கில் பணியாற்றிய தாங் ஃபெய்ஃபான் ஸ்ட்ரெப்டோமைசினைப் பயன்படுத்தி, முட்டையின் மஞ்சட்கருப் பையில் 1950களின் நடுவில் இக்கிருமியை வளர்த்துக் காட்டினார். 1957இல் வந்த அவருடைய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பிலும் 'வைரஸ்' என்ற சொல்லே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. லண்டனில் கோலியர் அதே முறையில் வெற்றி பெற்று முடிவை உறுதிசெய்தார். வளர்த்த கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று மெய்ப்பிக்கத் தாங் அதைத் தம் கண்ணிலேயே செலுத்திக்கொண்டார். நோயின் போக்கை முழுமையாகப் பதிவுசெய்ய சுமார் 40 நாட்கள் சிகிச்சை பெறாமல் இருந்தார். அதே 1958ஆம் ஆண்டு செப்டம்பரில், அரசியல் இயக்கம் ஒன்றின் பெயரால் நடந்த பொது விசாரணைகளிலும் அவமதிப்பிலும் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

1966இல் ஜேம்ஸ் மோல்டர் சான்றுகளைத் தொகுத்தளித்தார். டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டும் உண்டு, ரைபோசோம்கள் உண்டு, நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்குக் கட்டுப்படுகிறது. கிளமிடியா பாக்டீரியாவே என்பது அத்துடன் நிலைபெற்றது.

உறவினங்கள்

இக்குழு மிகச் சிறியது என்ற எண்ணம் அதற்குப் பிறகும் நீடித்தது. அதைக் கலைத்தவை எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1986இல் கருச்சிதைந்த கன்றின் திசுவில் கிடைத்த நுண்ணுயிரி முதலில் ரிக்கெட்சியா எனப்பட்டது. 1999இல்தான் கிளமிடியாவின் உறவினமான வாட்லியா என்று அறியப்பட்டது. இஸ்ரேலின் பீர்ஷெபாவில் சிமோனா கஹானே குழுவினர் 1993இல் விவரித்த சிம்கானியா, ஆய்வக உயிரணு வளர்ப்பில் புகுந்த மாசாகக் கிடைத்தது. அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. மனித மூக்கில் இருந்த அமீபாவுக்குள் வாழ்ந்த பாராகிளமிடியா 1997இல் விவரிக்கப்பட்டது.

வெளியில் தனித்து வாழும் அமீபாக்களே இவற்றில் பலவற்றின் இருப்பிடம். அமீபாவில் வாழும் ஓர் உறவினத்தின் மரபணுத் தொகுதியை மத்தியாஸ் ஹார்ன் குழுவினர் 2004இல் வெளியிட்டனர். அது 24 லட்சம் காரங்கள் நீளமுள்ளது. டிரக்கோமா கிருமியின் தொகுதியைப்போல் இரு மடங்குக்கும் மேல். நோய்க்கிருமிகளாக மாறிய கிளமிடியாக்கள் காலப்போக்கில் மரபணுக்களை இழந்து சுருங்கின என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

மாடுகளில் கருச்சிதைவோடு தொடர்புபடுத்தப்பட்ட வாட்லியா பெண்களிலும் அதற்குக் காரணமாகுமா என்ற கேள்வியை லோசான் நகர ஆய்வாளர்கள் எழுப்பினர். 2007இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், கருச்சிதைவுற்ற பெண்களிடம் வாட்லியாவுக்கான எதிர்ப்பொருள் கூடுதலாகக் காணப்பட்டது. எதிர்ப்பொருள் இருப்பது முன்பு தொற்று நேர்ந்ததைக் காட்டுமே தவிர, கருச்சிதைவுக்கு அதுவே காரணம் என்று காட்டாது. மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் கிளமிடியா சோதனை பால்வினைத் தொற்றுக்குரிய இனத்தை மட்டுமே தேடுவது; வாட்லியா அதில் அகப்படுவதில்லை.