காற்றில் மறையும் வயது: மிதிவண்டி வேகத்தைத் திறனுக்குச் சான்றாகக் கொள்ளலாமா?

ரொபேர் மர்ஷான் என்ற பிரெஞ்சு முதியவர் 2014 ஜனவரி 31 அன்று, பாரிஸை அடுத்த சேன்-கான்தேன்-ஆன்-இவ்லீன் உள்ளரங்க ஓடுதளத்தில், ஒரு மணி நேரத்தில் 26.927 கி.மீ. தொலைவு மிதிவண்டி ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 102. 2017 ஜனவரி 4 அன்று, 105 வயதில், அதே தளத்தில் ஒரு மணி நேரத்தில் அவர் கடந்தது 22.547 கி.மீ. மூன்றாண்டில் வேகம் 16 விழுக்காடு குறைந்திருக்கிறது. பார்ப்பவருக்கு இது மெல்லிய சரிவாகவே தோன்றும். ஆனால் அவ்விரு வேகங்களுக்கும் தேவைப்பட்ட திறனைக் கணக்கிட்டால், சரிவு 35 முதல் 40 விழுக்காடு வரை வருகிறது. கடைசிப் பத்து நிமிட அறிவிப்புப் பலகையைத் தாம் கவனிக்கவில்லை என்றும், கவனித்திருந்தால் இன்னும் விரைந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். ஆகவே சரிவு முழுவதையும் வயதின் கணக்கில் எழுத முடியாது. எனினும் வேகம் ஒன்று சொல்ல, திறன் வேறொன்று சொல்கிறது என்பது இங்கே தெளிவு.

வயது ஓட்டுநருடையது, காற்று இயற்கையுடையது என்று இரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசுவதே வழக்கம். அந்தப் பிரிப்பு தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். வயது திறனைக் குறைக்கிறது. அக்குறைவில் எவ்வளவு பங்கு வேகத்தில் வெளிப்பட வேண்டும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது.

சமதளத்தில் ஓட்டுநர் இரு தடைகளை வெல்ல வேண்டும். ஒன்று சக்கரத்தின் உருளல் தடை. இந்த விசை வேகத்தோடு ஏறக்குறைய மாறுவதில்லை. மற்றது காற்றுத்தடை, இது ஓட்டுநரைத் தாக்கும் காற்றின் சார்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். ஆகவே காற்றசைவற்ற நாளில், காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க அந்தப் பங்கு எட்டு மடங்காக வேண்டும். இதையே மறுபக்கமிருந்து பார்த்தால், திறன் கணிசமாக வீழ்ந்தாலும் வேகம் சிறிதே வீழும். முதியவர்க்கு இயற்பியல் காட்டும் சலுகை இது.

முதுமை திறனை எப்படிக் குறைக்கிறது என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்ததே. இதயத்தின் உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.7 துடிப்பு வீதம் இறங்குகிறது; பயிற்சியால் இதைத் தடுக்க முடிவதில்லை. துடிப்பு குறைய, இதயம் ஒரு நிமிடத்தில் வெளித்தள்ளும் குருதி குறைகிறது. உச்ச ஆக்சிஜன் நுகர்வும் குறைகிறது. உடற்பயிற்சி இல்லாதவர்களிடம் இந்நுகர்வு பத்தாண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு வீழ்கிறது. கடும் பயிற்சியை விடாதவர்களிடம் வீழ்ச்சி ஏறக்குறைய அதில் பாதி. தசையிழைகளில் விரைவாகச் சுருங்கும் வகை முதலில் மெலிவதால், நீடித்த ஓட்டத்தைவிடத் திடீர்ப் பாய்ச்சலே முன்னதாகப் பாதிப்படைகிறது. ஆயினும் இது ஒருவழிப் பாதையன்று. வெரோனிக் பில்லாவும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 101 வயதிலிருந்து 103 வயதுக்குள் மர்ஷானின் உச்ச ஆக்சிஜன் நுகர்வு உடலெடை கிலோவுக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 ஆகவும், உச்சத் திறன் 90 வாட்டிலிருந்து 125 வாட்டாகவும் உயர்ந்ததைப் பதிவு செய்தனர். இடையில் அவர் மேற்கொண்ட பயிற்சி: ஆண்டுக்குச் சுமார் 5,000 கி.மீ. ஓட்டம், அதில் ஐந்தில் நான்கு பங்கு இலகுவானது, ஒரு பங்கு கடினமானது. நூறு வயதைக் கடந்த உடலும் பயிற்சிக்கு இசைகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இங்கும் அதே மும்மடிக் கணக்குதான் நிற்கிறது. 2012இல் சுவிட்சர்லாந்தின் எய்க்ல் தளத்தில் 24.25 கி.மீ. கடந்தவர் 2014இல் கூடுதலாகக் கடந்தது 11 விழுக்காடே. உச்சத் திறனோ 39 விழுக்காடு கூடியிருந்தது. தளங்கள் வேறு, ஆய்வக அளவீடும் பந்தய நாளும் வேறு என்பதால் இந்தப் பொருத்தத்தை நிரூபணமாக நான் கொள்ளவில்லை. திசை மட்டும் ஐயத்துக்கு இடமற்றது.

இனிக் காற்றைக் கொண்டுவருவோம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, காற்றை எதிர்கொள்ளும் பயனுறு இழுவைப் பரப்பு 0.32 சதுர மீட்டர், உருளல் தடைக் கெழு 0.005, காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று கொள்கிறேன். சங்கிலியில் இழக்கப்படும் சிறு ஆற்றலை விட்டுவிடுகிறேன். இருவரை ஒப்பிடுவோம்: ஒருவர் 200 வாட் தருபவர், மற்றவர் முதுமையால் 30 விழுக்காடு இழந்து 140 வாட் தருபவர். காற்றில்லாத நாளில் முதலாமவர் மணிக்கு 34.1 கி.மீ., இரண்டாமவர் 29.7 கி.மீ. வேகத்தில் செல்வர். இழந்த 30 விழுக்காட்டுத் திறன் 13 விழுக்காட்டு வேக இழப்பாகச் சுருங்கிவிட்டது. மணிக்கு 18 கி.மீ. எதிர்க்காற்று வீசினால் வேகங்கள் 24.0, 19.9, இழப்பு 17 விழுக்காடு. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 46.1, 41.5, இழப்பு 10 விழுக்காடு மட்டுமே. திறன் வேறுபாடு மாறவேயில்லை. மாறியது காற்றின் திசை ஒன்றுதான்.

காற்று இன்னும் கடுமையானால் என்ன ஆகும்? நெதர்லாந்தில் ஊஸ்டர்ஸ்கெல்டே கடல்தடுப்பின் மீது 2013 முதல் எதிர்க்காற்று மிதிவண்டிப் போட்டி நடக்கிறது. தொலைவு 8.5 கி.மீ.; பியூஃபோர்ட் அளவில் 7 அல்லது அதற்கு மேல் காற்று வீசினால்தான் நடத்துவார்கள்; நிமிர்ந்து உட்காரும், கியர் இல்லாத வண்டிதான் எல்லோருக்கும். அத்தகைய இருப்பில் இழுவைப் பரப்பை 0.5 என்றும் காற்றை மணிக்கு 54 கி.மீ. என்றும் வைத்துக் கணக்கிட்டால், 200 வாட் ஓட்டுநர் மணிக்கு 8 கி.மீ. வேகத்தைக்கூட எட்டுவதில்லை; 140 வாட் ஓட்டுநர் அவரைவிட 25 விழுக்காடு பின்தங்குகிறார். ஓட்டுநரின் சொந்த வேகம் காற்றின் வேகத்துக்கு முன் அற்பமாகிவிடுவதால், தடை ஏறக்குறைய மாறா விசையாகிறது. திறன் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது. செங்குத்தான மலையேற்றத்தின் இயல்பும் இதுவே. கடும் எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் வயதை மறைத்துக்கொள்ள இடமில்லை.

போகும்போது எதிர்த்தது திரும்பும்போது உதவும், ஆகவே கணக்குச் சரியாகிவிடும் என்று ஓட்டுநர்களே சொல்வதுண்டு. சரியாவதில்லை. 20 கி.மீ. போய் 20 கி.மீ. திரும்பும் பாதையில், முன்சொன்ன 18 கி.மீ. காற்றில் 200 வாட் ஓட்டுநருக்கு 76.1 நிமிடம் ஆகிறது, காற்றில்லாவிட்டால் 70.4. முதியவருக்கு 89.1 நிமிடம், காற்றில்லாவிட்டால் 80.9. எதிர்க்காற்றில் செலவிடும் நேரமே அதிகம் என்பதால் இருவரும் இழக்கிறார்கள். ஆனால் இளையவர் ஆறு நிமிடத்துக்கும் குறைவாகவும் முதியவர் எட்டு நிமிடத்துக்கும் அதிகமாகவும் இழக்கிறார்கள். இருவருக்குமான இடைவெளி 10.4 நிமிடத்திலிருந்து 13 நிமிடமாக விரிகிறது. நேர்ப் பக்கவாட்டில் வீசும் காற்றும் நடுநிலை வகிப்பதில்லை. சார்பு வேகத்தைக் கூட்டுவதால் முன்னோக்கிய தடையையும் அது கூட்டுகிறது.

வயது காற்றின் வழியாகவே செயல்படும் இன்னொரு தடமும் உண்டு. ஆய்வுகளில் அதற்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் கருத்து. இடுப்பும் முதுகும் விறைத்துப்போக, முதியவர் உடலைத் தாழ்த்த முடியாமல் நிமிர்ந்து ஓட்டுகிறார். இழுவைப் பரப்பு 0.32இலிருந்து 0.36 ஆனால், 140 வாட்டில் வேகம் 29.7இலிருந்து 28.6 ஆகிறது. இது சுமார் 12 வாட் திறனை இழந்ததற்குச் சமம். தசையும் இதயமும் குறையாமலே நேர்ந்த இழப்பு இது. எதிர்த்திசைச் சான்று பிரான்செஸ்கோ மோசர். 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில், 32 வயதில், ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. கடந்து உலகச் சாதனை படைத்தவர், பத்தாண்டு கழித்து 1994 ஜனவரியில் அதே நகரில் 51.840 கி.மீ. கடந்தார். இடையில் கிரேம் ஓப்ரீ என்ற ஓட்டுநர் கைகளை மார்புக்கடியில் மடக்கி ஓட்டும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். மோசர் அதைக் கைக்கொண்டார். வேகத்தை மட்டும் நம்புபவர் 42 வயது உடல் 32 வயது உடலைவிட வலிமையானது என்று முடிவு கட்ட நேரும். உண்மையில் மாறியது உடல் காற்றைக் கிழிக்கும் வடிவமே.

எல்லோருக்கும் ஒரே காற்றுதானே, பிறகு என்ன அநீதி என்று கேட்கலாம். ஒரே வயதினர் போட்டியிடும்போது அது போதுமான பதில். வயதுக்கு நேரச் சலுகை தரும் போட்டிகளில் போதாது. பிரிட்டனில் மூத்த ஓட்டுநர்களின் தனிநபர் நேர ஓட்டங்களில் ஒவ்வொரு வயதுக்கும் தொலைவுக்கும் ஒரு தர நேரம் வகுத்து, அதை எவ்வளவு முந்தினார் என்பதைக் கொண்டு தரவரிசை தருவது நெடுநாள் மரபு. மனிதநேயமும் அறிவும் கலந்த ஏற்பாடு அது; அதை மதிக்கிறேன். ஆனால் அமைதியான நாளுக்குரிய நிலையான நேர வேறுபாடு காற்று வீசும் நாளில் முதியவருக்குப் போதாமல் போகிறது. மேற்கண்ட கணக்கில் பத்தரை நிமிடச் சலுகை பெற்றவர் காற்று நாளில் இரண்டரை நிமிடம் தோற்பார். அந்த நிமிடங்கள் அவருடைய உழைப்புக் குறைவால் வந்தவையல்ல.

ஆகவே போட்டி அமைப்பாளர்கள் முடிவுப் பட்டியலோடு அன்றைய காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, காற்றழுத்தம் நான்கையும் பதிய வேண்டும். தர நேரங்களைக் காற்றுக்கேற்பத் திருத்த வேண்டும். மூத்தோரின் உடல்திறனை ஆராய்பவர்கள் ஒரு மணி நேரச் சாதனைகளிலிருந்து முதுமையின் வீதத்தைக் கணிப்பதை நிறுத்தி, பெடலில் பொருத்தும் திறன்மானியின் வாட் அளவையும் ஓட்டுநரின் இழுவைப் பரப்பையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.