முள்ளெலி மேல் விழுந்த பழிகள்

முள்ளெலி என்று சொன்னால் பட்டணத்து நண்பர்களில் பாதிப்பேர் முள்ளம்பன்றியை நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப்பேர், "வீடியோ கேம்ல நீல நிறத்துல ஓடுமே, அதுவா? அது வெளிநாட்டுப் பிராணில்லா" என்கிறார்கள். இரண்டும் இல்லை. எங்கள் தென்சீமையில் பனையும் உடைமரமும் நிற்கிற வறண்ட செம்மண் காடுகளில் காலங்காலமாய் இருக்கிற உயிர் அது. ராத்திரிதான் வெளியே வரும் என்பதால், கிராமத்துக்காரர்களிலேயே பார்த்தவர்கள் கம்மி.

முதலில் இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். முள்ளம்பன்றி பன்றி இல்லை, எலி வகை. கொறிக்கும் பிராணி. கடலை, கிழங்கு எல்லாவற்றையும் தோண்டித் தின்று சம்சாரியை அழவைக்கும். முள்ளெலியோ எலியே இல்லை. அது மூஞ்சூறுக்குத்தான் சொந்தம். வண்டு, கரையான், பூச்சி, புழு, தேள் இவைதான் அதன் சாப்பாடு. முள்ளம்பன்றியின் முள் நீளமாக இருக்கும், கழன்று விழும். முள்ளெலியின் முள் குட்டை, லேசில் கழலாது. ஆபத்து வந்தால் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகிவிடும். உடம்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு தசை வளையம் இருக்கிறது. ஆச்சிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் கயிறு மாதிரி அது இழுபட்டதும் வாய் மூடிக்கொள்ளும். வெளியே முள் மட்டும்தான் மிச்சம்.

நம்ம ஊர் இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தவர் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். 1851-ல் அவர் வைத்த பெயருக்கு 'மொட்டை வயிறு' என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இதை மெட்ராஸ் முள்ளெலி என்கிறார்கள். இந்தியாவின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது.

இதன் கதையைத் தேடிப் படிக்கப்போய், நான் போய்ச் சேர்ந்த இடம் இங்கிலாந்து. 1566-ல் எலிசபெத் ராணி காலத்தில் அங்கே தானியத்தைக் காப்பாற்ற என்று ஒரு சட்டம் வந்தது. பயிருக்கு எதிரி என்று ஒரு பட்டியல் போட்டு, தலைக்கு இவ்வளவு காசு என்று அறிவித்தார்கள். முள்ளெலித் தலைக்கு 2 பென்ஸ். ஊர்த் தேவாலயத்துப் பொறுப்பாளர்கள் வரி பிரித்து, தலையை எண்ணிக் காசு கொடுத்துக் கணக்கில் எழுதினார்கள். அடுத்த இருநூறு முந்நூறு வருஷத்தில் இப்படிச் செத்தவை லட்சக்கணக்கில் இருக்கும். முள்ளெலி தானியமே தின்னாது என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதன் மேல் இன்னொரு பழியும் இருந்தது. ராத்திரி படுத்திருக்கும் பசுவின் மடியில் வாய் வைத்துப் பால் குடிக்கிறது என்பார்கள். மாடு வளர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சின்ன வாய்க்குப் பசுவின் காம்பு அடங்காது. கூரான பல்லோடு ஒரு பிராணி காம்பைத் தொட்டால் எந்தப் பசுவும் சும்மா படுத்திருக்காது, ஒரே உதைதான். மாடு படுத்த இடத்தின் சூட்டுக்கும் சாணத்துக்கும் பூச்சி வரும். பூச்சியைத் தேடி முள்ளெலி வந்திருக்கும். விடியக்காலையில் மாட்டுக்காரன் பார்த்தது அதைத்தான். மடியில் பால் குறைந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே!

அதே நாட்டில் பிறகு காற்று திசை மாறியது. 1905-ல் பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதிய குழந்தைக் கதையில் முள்ளெலி துணி வெளுக்கும் பாட்டியம்மாவாக வந்தது. வீட்டுத் தோட்டத்தில் நத்தையையும் புழுவையும் தின்கிற நண்பன் என்று பெயர் எடுத்தது. 1982-ல் அதைக் காப்பாற்றவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைக்குத் தோட்டத்து வேலியில் 13 சென்டிமீட்டருக்கு ஒரு சதுர ஓட்டை விடச் சொல்லி வீடு வீடாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ராத்திரி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அது போய்வர வேண்டும் அல்லவா? இதில் ஒரு வேடிக்கை. பாசத்தில் கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தவர்களும் நிறையப்பேர். முள்ளெலிக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். பாலைத் திருடியதாகச் சொல்லி அடித்த ஊரில், பாலைக் கொடுத்தே படுக்கவைத்தார்கள்.

பிரியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே யூயிஸ்ட் தீவுகள் இருக்கின்றன. அங்கே முள்ளெலி கிடையாது. 1974-ல் தோட்டத்து நத்தையைத் தின்னட்டும் என்று ஒரு சிலவற்றைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகின. ஆட்காட்டி, உள்ளான் மாதிரித் தரையில் முட்டையிடும் பறவைகளின் முட்டைகளைத் தின்னத் தொடங்கின. 2003-ல் அரசுத் தரப்பிலேயே அவற்றைப் பிடித்துக் கொல்ல ஆரம்பித்து, பலத்த எதிர்ப்புக்குப் பிறகு 2007-ல் உயிரோடு பிடித்துப் பெருநிலத்தில் விடும் வேலையாக மாற்றினார்கள். நியூசிலாந்துக்குக் குடியேறிய வெள்ளைக்காரர்கள் கொண்டுபோனதிலும் இதே கதைதான். "விவசாயிக்கு நண்பன்" என்று ஒரு உயிருக்குப் பட்டம் கட்டி இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். முள்ளெலி எல்லா இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்தது, கிடைத்ததைத் தின்றது.

அவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. தென்மாவட்டங்களில் முள்ளெலியை மருந்தென்று பிடித்தார்கள். குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தால், முள்ளைச் சுட்டுப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். எங்க ஆச்சி இதை ஏதோ நாட்டுச்சர்க்கரை பற்றிப் பேசுவதுபோலச் சாதாரணமாகச் சொல்லுவா. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மூச்சு இழுத்து, முகம் நீலம் பாரித்து, இருமி இருமி வாந்தி எடுக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த தாய்க்கு வேறு என்ன இருந்தது?

ஆனால் கக்குவானுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு மூன்று மாதம் இழுத்துவிட்டு, தப்பிப் பிழைத்த பிள்ளைக்குத் தானாகவே அடங்கும். அடங்கிய பெருமை முள்ளுக்குப் போனது. அடங்காமல் போன பிள்ளைகளின் கணக்கை யாரும் முள்ளின் பேரில் எழுதவில்லை. கக்குவான் ஒரு கிருமியால் வருவது. அதை நம் தெருக்களைவிட்டுப் பெரும்பாலும் விரட்டியது தடுப்பூசிதான். 1978-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் முத்தடுப்பு ஊசியாக வந்தது, இப்போது ஐந்து நோய்க்கும் சேர்த்து 6, 10, 14-வது வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சும்மா போடுகிறார்கள். மருந்துக்கான தேவை போய்விட்டது. பிடிக்கிற பழக்கம் மட்டும் இன்னும் முழுசாய்ப் போகவில்லை.

அதைவிடப் பெரிய கவலை நிலம். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய இயந்திரம் திரும்புவதற்காக உயிர்வேலிகளைப் பிடுங்கினார்கள், பூச்சிமருந்தும் சேர்ந்தது, முள்ளெலி குறைந்தது. அதே காரியத்தை நாம் இப்போது செய்கிறோம். முன்பெல்லாம் புஞ்சைக்குக் கள்ளியும் உடைமுள்ளும் பனைமட்டையும்தான் வேலி. அடியில் சருகு, சருகுக்குள் கரையான், அதைத் தின்ன முள்ளெலி. இன்று ஜேசிபி ஒரு முற்பகலில் எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் போகிறது. கல்தூண் நட்டு கம்பிவலை அடித்தாகிவிட்டது. தரிசு என்றால் வீண் நிலம் என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். மிஞ்சியது ரோடு. நாயும் ஆந்தையும் வந்தால் பந்தாகச் சுருண்டு தப்பித்த பிராணி, லாரி வந்தாலும் அதையேதான் செய்கிறது.

என் புஞ்சையில் மேற்குப் பக்கத்து முள்வேலியை நான் எடுக்கவில்லை. "அரை சென்ட் இடம் வீணால்லா போகுது" என்று பக்கத்துக் காட்டுக்கார அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருக்கிறார். போகட்டும். அந்த வேலிக்கு ஒட்டி மருந்தும் அடிப்பதில்லை. அதனால் விளைச்சல் கூடியது என்று கதைவிட மாட்டேன். ஒரு ராத்திரிக்கு முள்ளெலி தின்கிற வண்டு என் கடலையைக் காப்பாற்றிவிடாது. பயன் இருந்தால்தான் இருக்கலாம் என்று நாம் கேட்கத் தொடங்கியதில்தான் 2 பென்ஸும் வந்தது, யூயிஸ்ட் தீவும் வந்தது.

ஊர்ப்பக்கம் இடம் வாங்கிப் போட்டிருக்கும் உங்களுக்கு மூன்று விஷயம். சுற்றுச்சுவர் கட்டினால் அடியில் ஒரு சாண் ஓட்டை விடுங்கள். ஒரு மூலையைச் சருகோடும் முள்ளோடும் அப்படியே விடுங்கள். என்றைக்காவது டார்ச் வெளிச்சத்தில் முள்பந்து ஒன்று உருண்டு கிடந்தால், தொடாமல், பால் ஊற்றாமல், விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள். பத்து நிமிஷத்தில் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு அது தன் வழியில் போய்விடும்.