எண்ணாயிரத்து நெல்லும் பிழை பொறுக்கும் கணக்கும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில், சாலையைவிட்டுச் சற்று உள்ளே இருக்கிறது எண்ணாயிரம். அங்குள்ள அழகிய நரசிம்மர் கோயிலில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஒரு வேதக் கல்லூரியின் செலவுக் கணக்கைச் சொல்கிறது. இளநிலை மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர். ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75, ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40 எனப் பாடவாரியாகத் தலைக்கணக்கு. இளையவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மூத்தவருக்கு ஒரு குறுணி 2 நாழி.

வேதம் வாய்வழியே கற்ற பாடம். ஒருவர் நாவில் சறுக்கிய அசை அடுத்த தலைமுறைக்குப் பாடமாகவே போய்ச் சேர்ந்துவிடும். அதைத் தடுக்க ஓதும் மரபில் பதம், கிரமம், ஜடை, கனம் என்று படிப்படியான முறைகள் உண்டு. கனத்தில் மூன்று சொற்களை ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று என ஓதிவிட்டு, ஒரு சொல் நகர்ந்து மறுபடி தொடங்குவார்கள். இப்படி, இடையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் 13 முறை ஒலிக்கிறது. ஓரிடத்தில் தவறினால் மற்ற 12 இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

மிகைச் சொல்லுக்கு மிகை நேரம் வேண்டும்; அத்தனை ஆண்டுகள் உட்கார்ந்து ஓதச் சோறு வேண்டும். அந்த நெல்லை விளைவித்தவர்களுக்கோ அப்பாடத்தில் இடமில்லை. இதையும் சேர்த்துத்தான் அந்தச் செலவை எடைபோட வேண்டும்.

இந்த ஓதும் முறையைக் காட்டி, தகவல் கோட்பாட்டை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்வது தவறு. பிழையிலிருந்து காக்க மிகை வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். எவ்வளவு குறைந்த மிகை போதும் என்ற கேள்விக்குக் கணிதம் பிறந்தது 1948இல், கிளாட் ஷானனின் கட்டுரையில். 1950இல் ரிச்சர்ட் ஹாமிங் 4 பிட்டுக்கு 3 பிட் சேர்த்தாலே ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த முடியும் என்று காட்டினார். 1960இல் இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் செய்தியை ஒரு பல்லுறுப்புக் கோவையாக்கி, அதன் மதிப்புகளை அனுப்பும் முறையைத் தந்தார்கள். திண்டிவனத்துக் கடைகளில் பணம் செலுத்த ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்துக்குள் இருப்பது அந்த முறைதான். அதன் உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படித்துவிடலாம்.

ஆனால் அந்த முறைக்கு ஓர் எல்லை இருந்தது. 25 எழுத்துச் செய்தியை 100 எழுத்தாக்கி அனுப்பினால், 37 பிழைகள் வரை உறுதியாகத் திருத்தலாம். அதைத் தாண்டினால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்தக்கூடும். அப்படியானால் பொருந்தும் விடைகளை எல்லாம் சிறு பட்டியலாகத் தரலாமே என்று பீட்டர் எலியாஸ் 1957இலேயே எழுதினார். ரீடு-சாலமன் குறியீட்டுக்கு அதை விரைவாகச் செய்யும் வழி ஏறத்தாழ 40 ஆண்டுகள் கிடைக்கவில்லை.

வழி கண்டவர் 1966இல் சென்னையில் பிறந்த மது சூடன். வந்து சேர்ந்த புள்ளிகளில் எது சரி, எது பிழை என்று அவர் பிரிக்கவே முயலவில்லை. பிழையான புள்ளிகளையும் சேர்த்து, எல்லாவற்றின் வழியாகவும் செல்லும் ஓர் இருமாறிச் சமன்பாட்டை முதலில் அமைத்தார். பிறகு அதைக் காரணிப்படுத்தினார். அனுப்பிய செய்தி ஒரு காரணியாக வெளியே வந்து விழுந்தது. இத்தனை எளிமையும் துணிவும் ஒன்றுசேர்ந்த யோசனை கணிதத்தில் அரிது. 1996இல் வெளியான இந்த முறை, மிகை அதிகமுள்ள குறியீடுகளுக்குத்தான் முதலில் பயன்பட்டது.

சென்னை ஐஐடியில் 1997இல் பட்டம் பெற்று எம்ஐடியில் அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த வெங்கடேசன் குருசாமி அந்தத் தடையை உடைத்தார். இருவரும் சேர்ந்து செய்த திருத்தத்தால், நமது 100 எழுத்தில் பாதி பழுதானாலும் பட்டியல் கிடைக்கும். 2006இல் குருசாமியும் அத்ரி ருத்ராவும், மடித்த ரீடு-சாலமன் குறியீட்டால் அதே விகித மிகையுள்ள நீண்ட செய்திகளில் 75 சதவீதப் பிழையை நெருங்கினார்கள். கோட்பாடு அனுமதிக்கும் எல்லையே அதுதான்.

மது சூடனுக்கு 2002இல் நெவன்லின்னா பரிசு கிடைத்தது. அதே ஆண்டுக்கான ஏசிஎம் முனைவர் ஆய்வேட்டுப் பரிசு குருசாமிக்கு. இவர்கள் முறையின் மேல்தான் ரால்ஃப் கோட்டரும் அலெக்சாண்டர் வார்டியும், ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு நம்பகமானது என்பதையும் கணக்கில் எடுக்கும் திருத்த முறையைக் கட்டினார்கள். பட்டியல் தரும் யோசனை தகவல் தொடர்பைத் தாண்டியும் சென்றது. ஒரு கணக்கு கணினிக்கு எவ்வளவு கடினமானது என்று அளக்கும் துறையில், ஓரளவு கடினமான கணக்கிலிருந்து மிகக் கடினமான கணக்கை உருவாக்க இன்று அது அடிப்படைக் கருவி.