நுரையீரல் சிரைப் பிறழ்வும் அறுவைக்கு முந்தைய நாட்களும்: பொங்கலூர் வட்டாரத்தை முன்வைத்து

நுரையீரலில் உயிர்வளி ஏற்ற குருதியை இதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய நான்கு சிரைகளும் கருவளர்ச்சியின்போது அவ்வறையோடு இணையத் தவறி, வேறொரு சிரையின் வழியே வலது மேலறைக்குத் திரும்பிவிடும் நிலை 'முழுப் பிறழ் இணைப்பு' எனப்படுகிறது. மருத்துவர் வழக்கில் இது டி.ஏ.பி.வி.சி. பிறவி இதயக் கோளாறுகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரையே காணப்படும் இது, மருந்தால் தீராதது. அறுவையால் பெரும்பாலும் முழுமையாகத் திருத்தத்தக்கது. இக்குழந்தைகளின் கதியைத் தீர்மானிப்பதில் தையல் நுட்பத்தைவிட, அவர்கள் எப்போது, எந்நிலையில் அறுவைக்கூடத்தை அடைகின்றனர் என்பதே முதன்மையானது என இக்கட்டுரை வாதிடுகிறது.

தூய குருதியும் கழிவுக் குருதியும் வலது மேலறையிலேயே கலந்துவிடுவதால், மேலறைகளுக்கு இடையிலுள்ள துளை ஒன்றே உடலுக்குக் குருதி செல்லும் வழியாகிறது. டார்லிங்கும் உடனாய்வாளர்களும் 1957இல் வகுத்த பிரிவுகளின்படி, சிரைகள் இதயத்திற்கு மேலேயோ, இதயத்திலேயோ, உதரவிதானத்திற்குக் கீழேயோ, இவை கலந்தோ சேரலாம். ஏறத்தாழப் பாதி முதல் வகையைச் சார்ந்தவை. கீழ்நோக்கி இறங்கும் வகையே கொடியது. அங்கே குருதி கல்லீரலைக் கடந்தே இதயத்தை அடைய வேண்டியிருப்பதால் வழி நெருக்குண்டு அடைபட்டு, பிறந்த சில மணி நேரத்திலேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. இதய முணுமுணுப்பு பெரும்பாலும் கேட்பதில்லை. எக்ஸ்ரேயில் இதயம் பெருத்துத் தெரிவதுமில்லை. நுரையீரல் மட்டும் வெண்படலமாகத் தெரிவதால் கிருமித்தொற்று என்றே எளிதில் கொள்ளப்பட்டு, செயற்கைச் சுவாசமும் மருந்துகளுமாக விலைமதிப்பற்ற நேரம் கழிகிறது. அடைப்பில்லாத குழந்தையோ அடிக்கடி சளி பிடித்து, எடை ஏறாமல், மாதக்கணக்கில் அறியப்படாமலே இருக்கக்கூடும்.

அறுவையின் வரலாறு 1951இல் வில்லியம் முல்லர் செய்த பகுதித் திருத்தத்தில் தொடங்குகிறது. முழுத் திருத்தம் 1956இல் கைகூடியது. சிரைகள் கூடும் பொதுக்குழலைத் திறந்து, இடது மேலறையின் பின்சுவரோடு அகலமாக இணைத்து, பிறழ்வழியைக் கட்டி, மேலறைத் துளையை அடைப்பதே இதன் சாரம். எனினும் பத்தில் ஒன்றுக்குச் சற்று முன்பின்னான குழந்தைகளுக்கு, பெரும்பாலும் முதலாண்டிற்குள், இணைப்போ சிரைகளோ மீண்டும் சுருங்குகின்றன. பனியன் துணியில் இழுத்துத் தைத்த விளிம்பு சுருக்கம் கொள்வதைப் போல, மெல்லிய சிரையின் விளிம்பில் விழும் ஒவ்வொரு தையலும் வடுவுக்கு இடங்கொடுக்கிறது. 1990களில் பிரான்சிலும் கனடாவின் டொரண்டோவிலும் இதற்கு விடையாக உருவான 'தையலில்லா முறை', பெயர் சொல்வதுபோல் தையலே அற்றதன்று: சிரைகளைக் கீறித் திறந்துவிட்டு, மேலறையின் விளிம்பை அவற்றைச் சூழ்ந்த இதய உறையோடு தைப்பதால், சிரைச்சுவரில் ஊசி படுவதில்லை. மறுசுருக்கத்திற்கென வந்த இம்முறை இப்போது அடைப்புள்ள வகைகளில் முதல் அறுவையிலேயே கையாளப்படுவது பொருத்தமானதே. ஆனால் நுரையீரலுக்குள்ளேயே மெலிந்துபோன சிரைகளை எம்முறையும் அகலமாக்காது.

கோவை–திருச்சி நெடுஞ்சாலையிலுள்ள பொங்கலூரிலிருந்து கோவை ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவே, குழந்தை இதய அறுவை அந்நகரில் நடக்கிறது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. ஆகவே இங்கே குறுக்கே நிற்பது சாலையன்று, நோய் கண்டறியப்படாமையே. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் அங்கன்வாடிப் பரிசோதனை, அடைப்புள்ள குழந்தைக்குக் காலங்கடந்தது. பிறந்து 24 மணி நேரத்திற்குப் பின் வலக்கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்ப்பது இதைவிடப் பயனுடையது. என்றாலும் அடைப்பில்லா வகையில் குருதியின் உயிர்வளி அளவு 95 விழுக்காட்டை ஒட்டியே நிற்கக்கூடுமாதலால், அதையே முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. இவ்வட்டாரத்தில் வேலைக்காக இடம்பெயரும் பனியன் தொழிலாளர் குடும்பங்களில் அறுவைக்குப் பிந்தைய தொடர் எக்கோ (இதய மீயொலி) பரிசோதனை விட்டுப்போகும் வாய்ப்பும் கருதத்தக்கது. மறுசுருக்கம் வெளித்தெரிவதும் அறுவைக்குப் பிந்தைய அக்காலத்திலேயே.

செயற்கைச் சுவாசத்திற்கும் இணங்காமல் நீலம்பாரிக்கும் பச்சிளங் குழந்தைக்கு எக்கோ எடுப்பவர், நான்கு சிரைகளும் இடது மேலறைக்குள் நுழைவதை ஒவ்வொன்றாகக் கண்டு எழுத வேண்டும். காணாத சிரையை 'காணப்படவில்லை' என்றே அறிக்கையில் குறிக்க வேண்டும், 'இயல்பு' என்று எழுதலாகாது.