பேற்றுக்குப் பிந்தைய ஓராண்டு: காந்தல் தாய்மாரும் பொதுச் சுகாதாரமும்

தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு ஏறக்குறைய முழுவதுமாக மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) காட்டும் அளவு 99.6 விழுக்காடு. கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் வீடு வீடாக ஏறி இறங்கியதன் பயன் இது. அதே ஆய்வில் அறுவைப் பேறு 44.9 விழுக்காடு. பாதிக்குச் சற்றே குறைவான தாய்மார்கள் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார்கள். திரும்பிய பின் அவர்களை யார் பார்க்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பேறு முடிந்ததும் அரசின் கணக்கு தாயை விட்டுக் குழந்தைக்கு மாறிவிடுகிறது. ஏழைத் தாய்க்குக் கவனிப்பு எட்டாமல் போவதற்குத் தூரத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் வாதம்.

உதகையின் காந்தல் இந்த வாதத்துக்கு நல்ல சோதனைக் களம். மலை மாவட்டம் என்றதும் நாம் தூரத்தையே குறை சொல்வோம். காந்தலோ நகராட்சிக்குள் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்குப் பேருந்துண்டு, நடந்தும் போய்விடலாம். ஆனாலும் பச்சை உடம்புக்காரி ஒருத்தி இரண்டாம் வாரத்தில் மருத்துவரைப் பார்ப்பது அரிது. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி மருந்தும் உணவும் இலவசம், வீடு திரும்ப வண்டியும் இலவசம். 102 தாய் சேய் ஊர்தி சாலையோரம் இறக்கிவிடும். அதன்பின் ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டு. உதகையின் உயரம் 2,240 மீட்டர். மார்கழியில் உறைபனி விழும். ஒற்றை அறையில் பிள்ளைக்குச் சூடு வேண்டுமென்று கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அந்தப் புகையின் நஞ்சு மூக்குக்குத் தெரியாமலே உயிரைப் பறிக்கக்கூடியது. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது இதைச் சொல்லி அனுப்புவது மலைக்கே உரிய பேற்றுக்குப் பிந்தைய கவனிப்பு. பொது வழிகாட்டி எதிலும் இதற்கு முதலிடம் இராது.

உலகச் சுகாதார நிறுவனம் முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகும் குறைந்தது மூன்று சந்திப்புகளை வற்புறுத்துகிறது: இரண்டு மூன்று நாளில் ஒன்று, ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் ஒன்று, ஆறாம் வாரத்தில் ஒன்று. நம் நாட்டின் வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைக் கவனிப்புத் திட்டம் இன்னும் தாராளமானது. 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் ஆஷா பணியாளர் வர வேண்டும். தாயைப் பற்றியும் சில கேள்விகள் அதில் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் பழங்குடி, மலைக் கிராமங்களுக்கே நியமிக்கப்பட்டார்கள். நகர்ப்புற ஏழைக் குடியிருப்பில் எல்லாம் ஒரு செவிலியரின் தலையில் விழுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. காந்தலில் பதிவு செய்தவள் மேட்டுப்பாளையத்தில் பிள்ளை பெறுகிறாள், மூன்றாம் மாதம் திரும்புகிறாள். கர்ப்பப் பதிவின்போது தரப்படும் பிக்மி எண் ஒன்றுதான். இடைப்பட்ட வாரங்களில் அவள் யாருடைய பொறுப்பு என்பதுதான் தெளிவில்லை.

பணத்தின் பாதையைப் பார்த்தால் வாதம் இன்னும் வலுக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2018இல் 18,000 ஆனது: 14,000 ரொக்கம், 4,000 மதிப்பில் ஊட்டச்சத்துப் பெட்டகம். அப்போது வகுத்த தவணைகளில், மருத்துவமனையில் பிள்ளை பெற்றதற்கான தொகைக்குப் பிறகு வருபவை இரண்டு. இரண்டுமே குழந்தையின் தடுப்பூசியோடு பிணைந்தவை. மூன்றரை மாத ஊசி போட்டால் ஒன்று, ஒன்பதாம் மாதத்துக்குப் பின் தட்டம்மை ஊசி போட்டால் மற்றொன்று. தாயின் தையல் ஆறியதா, ரத்த அழுத்தம் இறங்கியதா, இரும்புச் சத்து மாத்திரையை 180 நாளும் விழுங்கினாளா என்பதற்குத் தவணை ஏதும் கிடையாது. மாநிலப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று சொல்வதும் மேலே சொன்ன அதே ஆய்வுதான்.

கூலியிழப்புக்கும் இத்தொகை ஈடாகாது. நிறுவனத் தொழிலாளிக்கு 2017 திருத்தம் 26 வார ஊதிய விடுப்பைத் தந்தது. காந்தலில் தோட்டக் கூலிக்கும் விடுதி துப்புரவுக்கும் போகும் பெண்ணுக்கு அந்த உரிமை நடைமுறையில் இல்லை. 14,000 ரூபாயை 182 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 77 ரூபாய். நாற்பதாம் நாளே கேரட் கழுவக் குளிர்ந்த நீரில் நிற்பவளிடம் "ஓய்வெடு" என்பது அறிவுரையாகாது.

இந்தக் கஞ்சத்தனத்துக்கு நீலகிரியிலேயே ஒரு முன்கதை உண்டு. 1971இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் (உபாசி) இம்மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் ஒரு சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கருவுறாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் கணக்கில் 5 ரூபாய் வரவு வைக்கப்படும். மூன்றாவது பிள்ளை பிறந்தால் அதில் கழிவு. இதை வகுத்தவர்களில் ஒருவரான பொருளியலாளர் ரொனால்ட் ரிட்கர் 1980இல் எழுதியும் வைத்தார். மகப்பேற்றுச் செலவு தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் சுமை; பிறப்பு குறைந்தால் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கைத் தொழிலாளிக்குத் தரலாம் என்பதே அதன் தர்க்கம். அத்தர்க்கம் இன்னும் சாகவில்லை. முத்துலட்சுமி ரெட்டி உதவி முதல் இரண்டு பேறுகளுக்கே. இரு பிள்ளைகள் இருப்பவருக்குச் சட்டப்படியான விடுப்பும் 12 வாரமாகச் சுருங்கிவிடும். பல பேறு கண்டவளுக்கே உதிரப்போக்கு அபாயமும் சோகையும் கூடுதல் என்று மருத்துவம் சொல்ல, உதவியோ அவளிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. இதை நிர்வாகக் கவனக்குறைவு என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

மனநிலை பற்றி ஒன்று. வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வை 11 விழுக்காடு எனக் கண்டது. குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், கைக்கு ஆளில்லாமை ஆகியவை அதில் தெரிந்த காரணிகள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுபவருக்கே இவை பிடிபடும்.

அப்படிப் பேசத்தக்கவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தக் கருவியையும் மாத்திரையையும் முதியவர்களின் வீட்டுக்கே கொண்டுபோனது. பேற்றுக்குப் பின் ஆறு வாரம்வரை ரத்த அழுத்தம் ஏறி வலிப்பில் முடியக்கூடும்; அதே கருவி, அதே தன்னார்வலர், பக்கத்துப் படியிலிருக்கும் தாய்க்கும் போதும். கூடலூரில் 1990இல் உருவான அஸ்வினி என்னும் சுகாதார அமைப்பு, பழங்குடியினரையே பயிற்றுவித்து மருத்துவமனையையும் குடிசையையும் இணைத்துக் காட்டியது. அமெரிக்காவிலும் ஏழைத் தாய்க்குப் பேற்றின் 60ஆம் நாளோடு முடிந்த மருத்துவக் காப்பை ஓராண்டாக நீட்ட 2021 சட்டம் மாநிலங்களுக்கு வழி திறந்தது.

காந்தலில் உடனே செய்யத்தக்கது ஒன்றரை மாத ஊசி நாளைத் தாய்க்கும் உரியதாக்குவது. குழந்தைக்காக அன்று அவள் எப்படியும் வருகிறாள். ஊசி மேசைக்குப் பக்கத்தில் ஒரு திரை, ஒரு நாற்காலி, ரத்த அழுத்தக் கருவி, ஹீமோகுளோபின் சோதனை, தனியே பேச ஒரு செவிலியர். தாய்வீடு போனவளுக்குப் பிக்மி எண்ணைக் கொண்டு எந்த ஊரிலும் இதைச் செய்து பதியலாம். நிதியுதவியின் இரண்டு பேறு வரம்பை நீக்கச் சட்டமன்றம் கூடத் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.