எர்துக்ருல்: கரை திரும்பாத பயிற்சிக் கப்பல்

‘மாலுமி’ என்று நாம் எளிதாக வழங்கும் சொல்லின் வேர் அரபு மொழியில் உள்ளது. ‘முஅல்லிம்’ என்பதே அதன் மூலம். கற்பிப்பவர் என்பது அதன் பொருள். விண்மீன்களையும் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்து கலத்தைச் செலுத்துபவரை அரபுக் கடலோடிகள் ஆசிரியர் என்றே அழைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டின் பெரும் கடலறிஞர் இப்னு மாஜிதுக்கும் இப்பட்டமே சூட்டப்பட்டது. மதரஸாவில் பாடம் சொல்பவருக்கும் மரக்கலம் ஓட்டுபவருக்கும் ஒரே பெயர் வாய்த்தது வியப்புக்குரியதன்று. அக்காலத்தில் கப்பலே பள்ளிக்கூடமாக இருந்தது. சிறுவனாக ஏறியவன் முதியோரின் கைகளைப் பார்த்தே தொழிலைக் கற்றான்.

பின்னர் அரசுகள் கடற்படைப் பள்ளிகளை நிறுவின. கரையில் கணிதமும் வரைபடமும் பயின்ற மாணவர்களை ஒரு கப்பலில் ஏற்றி நெடுந்தூரம் அனுப்பிக் கடலையே அவர்களுக்கு ஆசானாக்கும் வழக்கம் வேரூன்றியது. உஸ்மானியப் பேரரசில் இத்தகைய பள்ளி 1773இல் தோன்றியது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1770இல், செஷ்மே துறைமுகத்தில் உஸ்மானியக் கப்பற்படையை ரஷ்யர்கள் எரித்தழித்திருந்தனர். அத்தோல்வி தந்த பாடத்தின் விளைவே அப்பள்ளி எனலாம். அப்பள்ளியில் தேறிய இளைஞர்கள் பலரை ஏற்றிச் சென்று மீண்டு வராத ஒரு கப்பலின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

அக்கப்பலின் பெயர் எர்துக்ருல். பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை எர்துக்ருல் காஜியின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1863இல் இஸ்தான்புல்லில் நீரில் இறக்கப்பட்ட மரக்கலம் அது. ஏறத்தாழ 79 மீட்டர் நீளமுடையது. பாய்களும் நீராவி எந்திரமும் ஒருங்கே பெற்றது. கட்டிய காலத்தில் அது கம்பீரமானதுதான். ஆனால் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் கப்பற்படை பெரும்பாலும் இஸ்தான்புல்லின் உட்கடலிலேயே நங்கூரமிட்டுக் கிடந்தது. ஓடாத கப்பல் கரையில் இருப்பினும் தேயும். மரம் உளுத்தது, கொதிகலன் பழுதடைந்தது. அதனினும் கேடாக, மாலுமிகளின் பயிற்சியும் குன்றியது.

1887இல் ஜப்பானிய இளவரசர் கொமாத்சு இஸ்தான்புல் வந்து சுல்தானைக் கண்டார். அதற்கு மறுமொழியாக ஜப்பானியப் பேரரசர் மெய்ஜிக்கு உயர் விருதொன்றையும் அன்பளிப்புகளையும் அனுப்பச் சுல்தான் எண்ணினார். கடற்படைப் பள்ளியில் தேறிய இளைஞர்களுக்கு நீண்ட பயணப் பயிற்சி அளிப்பது என்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். வழிநெடுக உள்ள முஸ்லிம்களிடையே கலீபாவின் கொடியைக் காட்டுவது அறிவிக்கப்படாத நோக்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். இரண்டும் உண்மையே என்பது நம் கருத்து. இவ்விரண்டு சுமைகளையும் தாங்க இருபத்தாறு வயதான மரக்கலம் ஒன்று தெரிவு செய்யப்பட்டதுதான் நமக்கு விளங்காத செய்தி.

1889 ஜூலை 14 அன்று 600க்கும் மேற்பட்டோருடன் எர்துக்ருல் புறப்பட்டது. தலைமை உஸ்மான் பே. கடற்படை அமைச்சரின் மருமகன். சூயஸ் கால்வாயிலேயே கப்பல் தரைதட்டிச் சேதமுற்றது. பழுது பார்த்துக் கிளம்பச் செப்டம்பர் ஆயிற்று. நிலக்கரிக்குப் பணம் போதவில்லை. ஆதலால் இயன்றவரை பாய்விரித்தே சென்றனர்.

அக்டோபரில் பம்பாய் வந்தபோது முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கப்பலைக் காணச் சென்றனர். நவம்பர்த் தொடக்கத்தில் கொழும்பை அடைந்தது. தமிழ் பேசும் நம்மவர் நிறைந்த துறைமுகம் அது. சித்தி லெப்பை அவர்களின் ‘முஸ்லிம் நேசன்’ இதழ் ஏழாண்டுகளுக்கு முன்பே இலங்கையில் தொடங்கப்பெற்று உலக முஸ்லிம்களின் செய்திகளைத் தமிழில் தந்துகொண்டிருந்த காலம். எகிப்தின் அரபி பாஷா பிரிட்டிஷாரால் நாடு கடத்தப்பட்டு அந்நாளில் இலங்கையிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். 1882இல் அவரைக் கிளர்ச்சியாளர் என்று அறிவித்தவர் இதே சுல்தான். அச்சுல்தானின் கொடி தாங்கிய கப்பல் அவர் சிறையிருந்த தீவுக்கு வந்து நின்றது. வரலாறு சில வேளைகளில் இப்படியும் ஆட்களை அருகருகே நிறுத்திவிடுகிறது.

சிங்கப்பூரில் நான்கு மாதங்கள் தங்க நேர்ந்தது. பணம் வரவேண்டும், பருவக்காற்று மாறவேண்டும். அங்கிருந்தபோதே உஸ்மான் பேக்குப் பாஷா பட்டம் வந்து சேர்ந்தது. நிலக்கரிக்குத் தவித்த கப்பலுக்குப் பட்டம் மட்டும் தவறாமல் வந்ததை எண்ணும்போது நமக்குச் சிரிப்பு வரவில்லை.

1890 ஜூன் 7ஆம் நாள், ஏறத்தாழப் பதினொரு மாதங்களுக்குப் பின், யோகோஹாமாவை அடைந்தனர். பேரரசர் சிறப்பாக வரவேற்றார். விருது வழங்கப்பட்டது. ஆனால் கப்பலில் காலரா புகுந்து சிலர் மாண்டனர். தனிமைப்படுத்தப்பட்டுக் காத்திருந்த நாட்களில் கோடை கழிந்தது. சூறாவளிப் பருவம் நெருங்கியது. பழுது பார்த்துப் பின்னர் செல்லலாம் என்று ஜப்பானியர் எடுத்துரைத்தனர். எனினும் செப்டம்பர் 15 அன்று உஸ்மான் பாஷா நங்கூரம் எடுத்தார்.

மறுநாள் இரவு, ஹிஜ்ரி 1308 ஸபர் மாதத் தொடக்கத்தில், கீ தீபகற்பத்தின் தென்முனைக்கருகே ஓஷிமா தீவையொட்டிய பாறைகளில் கப்பல் மோதிப் பிளந்தது. நீர் புகுந்த கொதிகலன் வெடித்தது. உஸ்மான் பாஷா உட்பட 500க்கும் மேற்பட்டோர் கடலில் மாண்டனர். உயிர் தப்பியோர் 69 பேரே. நீரில் மூழ்கி இறப்போரையும் ஷுஹதாக்களுள் எண்ணும்படி நபிமொழி நமக்குக் கற்பித்திருக்கிறது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

பிழைத்த சிலர் கஷினோ முனையின் கலங்கரை விளக்கத்தின் ஒளியை நோக்கிச் செங்குத்தான பாறையில் ஏறினர். காவலர்களுக்கு அவர்கள் மொழி தெரியவில்லை. நாடுகளின் கொடிகள் அச்சிட்ட ஏட்டைக் காட்டியபோது, அவர்கள் பிறையும் விண்மீனும் உள்ள கொடியைத் தொட்டுக்காட்டினர். ஊரார் திரண்டுவந்தனர். மீன்பிடித்தும் பயிரிட்டும் வாழ்ந்த ஏழைகள் அவர்கள். நெருக்கடிக்கென்று வைத்திருந்த வள்ளிக்கிழங்கையும் வளர்த்த கோழிகளையும் கொண்டுவந்து கொடுத்தனர். குளிரில் விறைத்த உடல்களைத் தம் உடற்சூட்டால் காத்தனர். சிகிச்சை அளித்த மருத்துவர்கள் கட்டணம் பெற மறுத்து, அத்தொகையைப் பாதிக்கப்பட்டோருக்கே தருமாறு எழுதினர். இஸ்லாத்தின் பெயரையும் கேட்டறியாத சிற்றூரார் செய்த இந்த விருந்தோம்பலை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இக்கதையை துருக்கி–ஜப்பான் நட்பின் தொடக்கம் என்று கூறி முடித்துவிடுவோர் பலர். நட்பு மெய்யே. 1985இல் ஈரான்–ஈராக் போரின்போது தெஹ்ரானில் சிக்கிய 200க்கும் மேற்பட்ட ஜப்பானியரைத் துருக்கி விமானங்கள் மீட்டன. ஆயினும் அவ்வளவில் நிறுத்துவது இறந்தோருக்குச் செய்யும் நீதியாகாது. சூறாவளி அல்லாஹ்வின் நாட்டம் என்போம். அதில் நமக்கு ஐயமில்லை. உளுத்த மரத்தையும் பழுதான கொதிகலனையும் நாட்டத்தின் மேல் சுமத்த நமக்கு உரிமையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு பணித்த மார்க்கம் நம்முடையது. பெற்றோர் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகள் அரசின் கையில் அமானிதம். காற்றோடு போராடியதற்காக உஸ்மான் பாஷாவை நாம் பழிக்கவில்லை. பணமும் பலமும் குன்றிய நிலையில், ஊர் திரும்பும் கடமை அவரை உந்தியிருக்கும். இஸ்தான்புல்லில் அமர்ந்து அக்கப்பலைத் தெரிவு செய்தவர்களே முதலில் பொறுப்பாளிகள்.

உயிர் தப்பிய 69 பேரையும் ஊர் சேர்க்க ஜப்பான் ஹியெய், கொங்கோ என்னும் இரு போர்க்கப்பல்களை அனுப்பியது. அவையும் பயிற்சிப் பயணத்திலேயே சென்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் அவ்வாண்டு தேறிய மாணவர்கள் அவற்றில் இருந்தனர். 1891 ஜனவரி 2 அன்று இஸ்தான்புல்லை அடைந்து, ஒரு மாதத்துக்கு மேல் தங்கி, பழுதின்றி நாடு திரும்பினர். அவர்களுள் ஒருவர் அகியாமா சனேயுகி. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1905இல், சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பற்படையை முறியடித்த திட்டத்தை வகுத்தவர் அவரே.

அக்கப்பல்களில் நோடா ஷோதாரோ என்னும் ஓர் இளம் பத்திரிகையாளரும் வந்திருந்தார். ஜப்பானில் ஒரு நாளிதழ் திரட்டிய நன்கொடையை ஒப்படைக்க வந்த அவர் இஸ்தான்புல்லிலேயே தங்கி, உஸ்மானிய அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கற்பித்தார். 1891இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல் ஹலீம் என்னும் பெயரை ஏற்றார். ஜப்பானியருள் முதலில் இஸ்லாத்தை ஏற்றவர் என்று அவரைப் பலர் குறிப்பிடுகின்றனர்.